காணாமல் போனவர்களின் பேரேடு

ஒரு எழுத்தாளர் செத்துப்போனால் இரங்கல் கூட்டம் போடுகிறோம். சிறையில் போட்டால் சுவரொட்டி ஒட்டுகிறோம். எழுதிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று எழுதாமல் போய், இருக்கிற இடமும் தெரியாமல் போனால் என்ன செய்கிறோம்? ‘ஆளயே காணமே’ என்று டீக்கடையில் ஒருதரம் கேட்டுக்கொள்வதோடு சரி. ஆறு மாசத்தில் அவர் எழுதினதும் சேர்ந்து போய்விடுகிறது. தலித் எழுத்தைப் பொறுத்தமட்டில் இது ஒருவர் இருவருக்கு நேர்கிற விபத்தல்ல. நூற்றைம்பது வருஷமாக நடந்துவருகிற சங்கதி. இதைப்பற்றி நாம் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. சோற்றுக்கு அது, கவிதை மற்றதற்கு. என் பிழைப்பிலிருந்தே ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு வருஷம் போட்டதும் எடுத்ததும் இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று தனியாக எழுதிவைப்போம். பத்து வருஷம் யாரும் தொடவில்லையென்றால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய ஒரு நிதிக்குப் போய்ச் சேரும். பணம் போனாலும் பாத்தியதை போகாது. இருபது வருஷம் கழித்துப் பேரன் வந்து தக்க காகிதத்தைக் காட்டினாலும் வங்கி கொடுத்தே ஆகணும். யார் பணம் எந்த வங்கியில் தூங்குகிறது என்று தேடிப்பார்க்க 2023இல் ‘உத்கம்’ என்று ஒரு ஏற்பாடும் வந்தாயிற்று. கணக்குக்காரரே காணாமல் போயிருந்தால்? ஏழு வருஷம் அவரைப்பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு இருக்கிறது.

ஆக, 300 ரூபாய் போட்டுவிட்டுக் காணாமல் போன கூலிக்காரருக்கு இந்த நாட்டில் ஒரு பேரேடு இருக்கிறது. 300 கவிதை எழுதிவிட்டுக் காணாமல் போன கவிஞருக்கு அப்படி ஒன்று கிடையாது. பணம்னா அரசு பார்த்துக்கொள்கிறது. எழுத்துன்னா யார் பார்ப்பது? நாம்தான் பார்க்கணும். இதுவரைக்கும் பார்த்ததும் நம்ம சனங்கதான்.

அயோத்திதாசப் பண்டிதர் கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கோணத்திலிருந்து ஒருதரம் பாருங்கள். 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. அடுத்த வருஷம் பேர் ‘தமிழன்’ ஆனது. 1914 மே 5இல் சாகிறவரை வாராவாரம் எழுதினார். அரசியல், பௌத்தம், மருத்துவம், இலக்கணம், நெல் விலை, கிணற்றுத் தண்ணீர் என்று அவர் கை வைக்காத விசயம் இல்லை. 1920களில் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அந்த இதழை மறுபடி நடத்தினார். அதுவும் நின்றது. அதோடு பண்டிதர் காணாமல் போனார். அவர் உடம்பு 1914இல் போனது. பேர் போனது அதற்கப்புறம். தமிழ்நாட்டு அரசியல் வரலாறு எழுதினவர்களும் இதழியல் வரலாறு எழுதினவர்களும் அவரைத் தாண்டிப் போனார்கள். எங்கள் கல்லூரிப் பாடப் புத்தகத்தில் அவர் பேர் ஒரு வரியில்கூட இல்லை.

பிறகு எப்படி வந்தார்? பல்கலைக்கழகமா கொண்டுவந்தது? அரசு ஆவணக் காப்பகமா? இல்லை. தமிழனைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த சனங்கதான் காரணம். தங்கவயல் சுரங்கத்தில் பூமிக்கடியில் இறங்கி வேலை செய்தவர்கள், வடஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள், அவர்களுடைய பௌத்த சங்கங்கள். படித்த தாளை எறியாமல் கட்டித் தைத்து வைத்தார்கள். தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக்கொண்டே இருந்தது. திருப்பத்தூர் தி.பெ. கமலநாதன் 1980களிலேயே இந்த வரலாற்றைப் பேசினார். அன்பு பொன்னோவியம் தமிழன் இதழ்களைக் கண்ணைப்போலக் காத்துவைத்திருந்தார். அங்கிருந்துதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று இரண்டு தொகுதியும் 2003இல் மூன்றாவதும் வெளியிட்டது. 1914க்கும் 1999க்கும் நடுவே 85 வருஷம். அந்த 85 வருஷமும் பண்டிதர் எங்கே இருந்தார்? வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் இருந்தார். 2023இல் சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். நல்லது. ஆனால் அதற்கு முந்தின மண்டபம் அந்த டிரங்குப் பெட்டி என்பதை யாரும் மறக்க வேண்டாம்.

பெட்டி இல்லாதவர்கள் கதி என்ன? 1869இல் ‘சூரியோதயம்’, 1871இல் ‘பஞ்சமன்’, 1893இல் இரட்டைமலை சீனிவாசன் நடத்திய ‘பறையன்’ என்று நம் இதழ்களின் வரிசை நீளமானது. ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களைத் தேடி ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்று 2017இல் புத்தகமாகவே போட்டார். அந்த வரிசையில் பலவற்றுக்குப் பேரும் வருஷமும்தான் மிச்சம். உள்ளே யார் எழுதினார், என்ன எழுதினார், எவனை எதிர்த்து எழுதினார்? தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத சாதி என்று நம்மைச் சொன்னவன் பொய் சொன்னான். ஆனால் அந்தப் பொய்யை உடைக்கிற சாட்சிகளில் பாதி மண்ணாகிப்போயிற்று.

அண்ணல் அம்பேத்கருக்கே என்ன நடந்தது? 1956இல் அவர் மறைந்தபோது அச்சேறாத கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வழக்கும் வில்லங்கமுமாய் அவை பெட்டிக்குள்ளேயே முடங்கின. மகாராட்டிர அரசு முதல் தொகுதியை வெளியிட்டது 1979இல். தொகுத்த வசந்த் மூன் ஒரு அரசாங்க உத்தியோகஸ்தர். பேராசிரியர் கூட்டம் செய்யாததை அவர் செய்தார். அரசியல் சட்டம் எழுதினவர் எழுத்துக்கே 23 வருஷம் என்றால், திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் உட்கார்ந்து எழுதுகிறவர் எழுத்துக்கு எத்தனை வருஷம்?

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1960இல் புளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் பியர்ஸ் என்ற ஊரில் ஏழையாகச் செத்தார். கல்லறைக்குக் கல்கூடக் கிடையாது. வீட்டைக் காலி செய்ய வந்தவர் அவர் எழுதிவைத்த தாள்களையெல்லாம் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த பாட்ரிக் டுவால் என்ற கறுப்பினக் காவல் அதிகாரி, சோராவைத் தெரிந்தவர், இறங்கி ஓடி நெருப்பை அணைத்தார். ஓரம் கருகின அந்தத் தாள்கள் இன்றைக்குப் புளோரிடா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1973இல் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய் அந்தக் கல்லறைக்குக் கல் வைத்தார். ஆலிஸ் வாக்கர் பேர் உலகத்துக்கே தெரியும். தீயை அணைத்தவர் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அவர்தான் முக்கியம். அவர் விமர்சகர் இல்லை, பேராசிரியர் இல்லை. இது எரியக் கூடாது என்று தெரிந்த ஒரு ஆள். அவ்வளவுதான்.

சரி, அதெல்லாம் காகிதக் காலம், இப்பத்தான் எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதே, அழியாதே என்கிறார்கள். காகிதத்தைவிட இது சீக்கிரம் அழியும். கூகிள் பிளஸ் என்று ஒன்று இருந்தது. அதில் தமிழில் எழுதினவர்களும் இருந்தார்கள். 2019 ஏப்ரலில் கம்பெனி கடையைக் கட்டியது, உள்ளே இருந்தது துடைக்கப்பட்டது. கம்பெனி நடத்துகிறவனுக்கு நம் எழுத்து சரக்கு. லாபம் இல்லையென்றால் குடோனைக் காலி செய்வான். எழுத்துரு இன்னொரு சிக்கல். 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடித் தரம் பேசிய காலத்தில் ஆளுக்கொரு குறியீட்டில்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். அதற்கு முன்னால் தட்டச்சான எத்தனையோ கோப்புகளை இன்று திறந்தால் பூச்சி பூச்சியாய்த் தெரிகிறது. எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை. கரையான் தின்ற தாளாவது பாதி தெரியும்.

பக்கத்து ஆந்திரத்து மகன் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் மாண்டார். அவர் முகநூலில் எழுதிவந்ததைப் பத்திரிகையாளர் நிகிலா ஹென்றி தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். செய்ய வேண்டிய வேலை, செய்தார். ஆனால் அந்த நூலைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி குத்துகிறது. நாடே கொந்தளித்த ஒரு சாவு நடந்ததால்தானே அந்த எழுத்துத் தொகுக்கப்பட்டது? சாகாமல், செய்தி ஆகாமல், சும்மா ஒருநாள் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிற தலித் எழுத்தாளருக்கு யார் தொகுப்புப் போடுவார்? நம்ம ஆள் எழுத்து நிலைக்கணும்னா நம்ம ஆள் சாகணுமா?

இது எனக்குத் தொலைவான கேள்வி இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் மூன்று வருஷமாகக் கைப்பேசியில் எழுதிவந்தார். புனைபெயர். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. தறிக்கொட்டகை வேலை, சுடுகாட்டுப் பாதை, ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுகிற கூட்டத்துக்குக் குடிநீர்ப் பந்தல் போடுகிறதில் நடக்கிற அரசியல், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற எல்லைக் காலனிப் பேச்சு, எல்லாம் அதில் இருந்தது. அந்தப் பேச்சை அவரைப்போல எழுத்தில் பிடித்தவரை நான் பார்க்கவில்லை. ஒருநாள் மொத்தமும் இல்லை. கணக்கே அழிக்கப்பட்டிருந்தது. வேலை செய்கிற இடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறார் ஒருவர். வீட்டில் மிரட்டினார்கள் என்கிறார் இன்னொருவர். பெங்களூர் போய்விட்டார் என்பவரும் உண்டு. எது நிஜம் என்று தெரியாது. படிக்கும்போதே பிடித்ததைக் கையால் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படி 27 கவிதை என் நோட்டில் இருக்கிறது. தேதி போட்டு இருக்கிறது. மற்றதில் கொஞ்சம் ஒரு நண்பரின் கைப்பேசியில் படமாகக் கிடக்கிறது.

எங்கள் ஊருக்கும் காணாமல் போகிறதுக்கும் பழைய உறவு. 1960வரை திருத்தணி ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து செங்கற்பட்டு, 1997இலிருந்து திருவள்ளூர் மாவட்டம். எல்லைப் போராட்டத்தில் தலைவர்கள் பேர் நின்றது. காலனிக்காரன் பட்டாவுக்குக் கொடுத்த மனுவும் அதற்கு வந்த பதிலும் எந்தக் கச்சேரி அலமாரியில் போயிற்றென்று கேட்டால், இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைக் கைகாட்டும். மலைமேல் கோயிலுக்குப் போனால் உபயம் உபயம் என்று கல்லில் பேர் வெட்டியிருக்கும். டியூப் லைட்டில் வெளிச்சத்தைவிடப் பேர் பெரிசு. கல்லைச் சுமந்தவன் பேரை வெட்ட யாருக்கும் கல் கிடைக்கவில்லை. இப்படி ஒரு ஊரில் ஒருவர் தானாக எழுதி, தானாகவே பேரை மறைத்துக்கொண்டு, அதுவும் போய்விட்டது என்றால் அந்த வலி உங்களுக்குப் புரியும்.

விசயம் தெரிந்த தோழர் ஒருவர் சொன்னார்: “இன்னா சார் யோசனை? 27 கவிதை போதும். புத்தகமா போட்டுடலாம். புத்தகக் கண்காட்சிக்கு வந்துடணும். ஆள் யாருன்னு விசாரிச்சு முன்னுரையில எழுதிடலாம்.” நான் மறுத்தேன். அதற்கு அவர் தத்துவம் பேசினார். ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி வாசகனுடையது, பார்த் 1967லேயே சொல்லிட்டாரே என்றார்.

பார்த் சொன்னது பிரெஞ்சுக்காரனுக்குச் சரியாக இருக்கலாம். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று சொல்ல முதலில் ஆசிரியன் பிறந்திருக்கணும். ஆயிரம் வருஷமாக அங்கே ஆசிரியன் கொழுத்துக் கிடந்தான், சாகடித்தார்கள். நம்ம தெருவில் அந்தக் குழந்தை இப்பத்தான் பிறக்கிறது. பிறந்ததுமே பாடையைக் கட்டாதீர்கள். அடுத்தவன் உழைப்பை எடுத்துக்கொண்டு அவன் பேரை விட்டுவிடுவது ஊர்க்காரன் நமக்குச் செய்தது. பறையை எடுத்துக்கொண்டான், பாட்டை எடுத்துக்கொண்டான், மருந்தை எடுத்துக்கொண்டான். அதையே நாம் நமக்குள் செய்துகொண்டு கோட்பாடு என்று பேர் வைக்க முடியாது.

பேரை வெளியிடுவதோ அதைவிட ஆபத்து. 1992இல் ‘கருக்கு’ வந்தபோது பாமா என்பது புனைபெயர்தான். அப்படியும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துபோய், பல மாசம் அவர் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை. அவர் தாங்கினார், பின்னால் ஊரும் அவரை ஏற்றது. எல்லாருக்கும் அந்த முடிவு வாய்க்காது. சாதி தெரிந்தால் வாடகை வீடு போகும், வேலையில் பார்வை மாறும், பெண்ணாக இருந்தால் இரண்டு பக்கமும் அடி. புனைபெயர் நமக்கு அலங்காரம் இல்லை, கதவுத் தாழ்ப்பாள். உள்ளே இருக்கிறவர் போட்ட தாழ்ப்பாளை வெளியிலிருந்து நாம் நெம்பக் கூடாது.

அப்படியானால் விட்டுவிடலாமா? எழுதினவரே அழித்துவிட்டார், அது அவர் இஷ்டம், மறந்துவிடுவோம் என்று நல்லவர்கள் சிலர் சொல்கிறார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. பயமுறுத்தி அழிக்கவைத்தால் அதற்குப் பேர் இஷ்டமா? மிரட்டினவன் கடைசியில் ஜெயித்ததாக ஆகும். இஷ்டமா கட்டாயமா என்று தெரியாதவரைக்கும் நமக்கு ஒரு வேலைதான் இருக்கிறது. வங்கிக்காரன் செய்கிற வேலை. பணத்தை வைத்திரு, செலவு செய்யாதே, உரியவர் வந்தால் கொடு. காப்பது வேறு, அச்சிடுவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் திருட்டும் ஒரு பக்கம் மறதியும் நடக்கிறது.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதினவர் காணாமல் போனாலும் உரிமை அவருடையதே. புனைபெயரில் வந்து, ஆள் யாரென்று வெளிப்படாத எழுத்துக்கு, வெளிவந்த வருஷத்துக்கு மறுவருஷத்திலிருந்து 60 வருஷம் காவல் உண்டு. ஆசிரியரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லையென்றால் முறைப்படி விளம்பரம் கொடுத்து, மனு போட்டு, வெளியிட அனுமதி வாங்க 31அ பிரிவு வழி வைத்திருக்கிறது. அவருக்குச் சேரவேண்டிய தொகையைக் கட்டிவைக்கச் சொல்லவும் அதில் இடமுண்டு. பாருங்கள், இங்கேயும் பேரேடுதான்.

நாம் செய்யக்கூடியதை நாலு வார்த்தையில் சொல்கிறேன். யாராவது நம்ம ஆள் எழுதுகிறார் என்றால் படித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு பிரதி எடுங்கள். தேதியும் எங்கே வந்தது என்பதும் எழுதுங்கள். தேதி இல்லாத எழுத்து நாளைக்குச் சாட்சி சொல்லாது. ஒரு வார்த்தைகூடத் திருத்தாதீர்கள்; அவர் ‘கீது’ என்று எழுதியிருந்தால் ‘இருக்கிறது’ என்று ஆக்காதீர்கள். மூன்று பிரதி மூன்று வீட்டில் இருக்கட்டும், ஒன்று காகிதத்தில் இருக்கட்டும். எழுதுகிறவர் நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்: ‘உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா இத என்னா பண்றது?’ வங்கியில் கணக்குத் திறக்கும்போதே வாரிசு பேர் கேட்கிறோமே, அதுபோல. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

நம்முடைய சிற்றிதழ்களுக்கும் இது பொருந்தும். 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி அச்சாகிற ஒவ்வொரு நூலும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் இன்னும் இரண்டு நூலகத்துக்கும் போகணும். இதழ்களும் பிறகு சேர்க்கப்பட்டன. எத்தனை தலித் சிற்றிதழ் ஒழுங்காக அனுப்பியது? தபால் செலவுக்கே காசில்லாமல் நடத்தினோம், வாஸ்தவம். ஆனால் 1990களில் வந்த நம் இதழ்களின் முழு வரிசை இன்றைக்கு எத்தனை வீட்டில் இருக்கிறது? 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஈழத்தமிழர்கள் அழுதுகொண்டே உட்காரவில்லை. 2005இல் ‘நூலகம்’ என்று தொடங்கி, கிடைத்த துண்டறிக்கைவரை படமெடுத்து எல்லாரும் படிக்கவைத்தார்கள். அரசுப் பணமா? ஆர்வலர்கள் உழைப்பு. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

என் நோட்டில் இருக்கிற 27 கவிதையை நான் அச்சுக்குக் கொடுக்கப்போவதில்லை. இரண்டு பிரதி எடுத்து இரண்டு நம்பிக்கையான இடத்தில் வைத்திருக்கிறேன். எழுதினவர் இந்த இதழைப் படிக்கிறவராக இருந்தால் அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்: உங்களுடையது பத்திரமாக இருக்கிறது. திருப்பிக் கேட்டால் கொடுப்பேன். கொளுத்தச் சொன்னால் உங்கள் முன்னால் கொளுத்துவேன். போடச் சொன்னால் நீங்கள் சொல்கிற பேரில் போடுவோம். வரவேண்டாம் என்று நினைத்தால் வராதீர்கள். நீங்கள் யார் என்று நான் தேடமாட்டேன்.

மற்றத் தோழர்களுக்கு: உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ், கையெழுத்துப் பத்திரிகை, அம்பேத்கர் நூற்றாண்டில் போட்ட துண்டறிக்கை எது இருந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு கார்டு எழுதுங்கள். கிலோ கணக்கில் போவது தாளல்ல, நம்ம ஆளுங்க.